அந்தக் கோட்டில் விமானம் இல்லை

1

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வேலை முடிந்து வந்து, துணிகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். தம்பி தணிகாசலம் போன் செய்தான். அவனுக்கும் அவன் மனைவி கலாவுக்கும் பெண் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இங்கே மாலை ஆறு என்றால் உத்திரமேரூரில் காலை பத்தரை. பேட்டரிக் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு அவன் முதல் டீயைக் குடித்து முடித்திருக்கும் நேரம்.

"யக்கா, பாப்பாவுக்குத் தொட்டில் போட்டு பேர் வெக்கணும். நீ எப்ப வர்றன்னு சொல்லு. அதுக்கேத்த மாதிரி நாள் பாக்குறேன்."

"முப்பதாம் நாள் வெச்சிடுவாங்களேடா."

"அது ஊர்ல. நம்ப வூட்ல அத்தை வந்தாத்தான். நீ மூணு மாசம் கழிச்சி வந்தாக்கூட அதுவரிக்கும் பாப்பா பாப்பான்னு கூப்டுக்கினு இருக்கலாம். கலாவும் சரின்னுச்சி."

"லீவு கேட்டுட்டுச் சொல்றன்டா."

"எத்தினி மணி நேரம் உனக்கு? இரு, பாக்குறேன்." போனைத் தடவும் சத்தம் கேட்டது. "பதினாலு மணி நேரம்னுதான்க்கா இன்னும் போட்டுக்கினு கீது."

இரண்டு பேரும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமாக மாற எங்களுக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

நான் இருப்பது நியூசிலாந்தில், டௌரங்கா என்ற துறைமுக ஊரில். கணவர் கோதண்டம் வெல்டிங் வேலைக்கு இங்கே வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேயே வளர்ந்தார்கள். மகள் நித்யா வேறு ஊரில் காலேஜில் படிக்கிறாள். மகன் பிரவீன் பள்ளிக்கூடம் முடிக்கப்போகிறான். நான் கிவிப் பழங்களை அடுக்கிப் பெட்டி போடும் கூடத்தில் வேலை செய்கிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது, எதிரில் யாரும் இல்லாததால்.

எங்கள் பக்கத்தில் குழந்தையை அத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தணிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். வருகிறேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். கூடத்தில் வேலை குறைந்த மாதம் இது, லீவும் சேர்ந்து கிடக்கிறது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. அவன் கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டது.

2

தணிக்கு நாற்பது வயதில்தான் கல்யாணம் கூடியது. பெண் பார்க்கப் போவதற்கு வீட்டில் பெரியவர்கள் இல்லை. பெரியப்பா மகள் செல்விதான் முன்னால் நின்றாள். செல்வி என்னைவிட நான்கு வயது சின்னவள், தணிக்குப் பெரியவள். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் ஒரு கேண்டீனில் வேலை செய்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தணியைக் கிளப்பி, ராஜகுளம், கூரம் என்று பெண் இருக்கிற ஊருக்கெல்லாம் அழைத்துப் போனாள். கடைசியில் பழையசீவரத்தில் கலாவைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவள்தான். நான் எல்லாவற்றையும் போனில் பார்த்தேன். யாராவது நடுவில் போனைத் திருப்பிவிடுவார்கள். அப்போது மின்விசிறியைப் பார்ப்பேன்.

நாள் குறிக்கும்போது தணி ஒரு காரியம் செய்தான். எந்த விமான நிலையத்திலிருந்து எந்த விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்கிற பக்கம் ஒன்று போனில் இருக்கிறது. அதில் நான் ஏற வேண்டிய ஆக்லாந்தையும் சென்னையையும் போட்டுப் பார்த்தான். பதினோராயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பயண நேரம் பதினான்கு மணி என்று வந்தது. இங்கே பகல் பன்னிரண்டு என்றால் வைகாசியில் ஊரில் விடியற்காலை ஐந்தரை என்பது அவனுக்குத் தெரியும். பதினான்கைக் கூட்டினான். சனிக்கிழமை மத்தியானம் நான் ஏறினால் சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு மீனம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை முகூர்த்தம். உத்திரமேரூரில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் படம் எடுத்து அனுப்பினான்.

"உனக்குன்னே பாத்து வெச்ச நாள்க்கா. சனிக்கெழம ஏறுனாப் போதும். ஒரு நாள் லீவு கூட வேஸ்ட் ஆவாது."

பத்திரிகையில் என் பெயரும் கணவர் பெயரும் முதலில் இருந்தன. பக்கத்திலேயே நியூசிலாந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

பிரவீனிடம் காட்டினேன். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். உலகப் படத்தில் இரண்டு புள்ளிகள், நடுவில் ஒரு கோடு.

"இது சும்மா கணக்கும்மா. தூரத்தை ப்ளேன் ஸ்பீடால டிவைட் பண்ணியிருக்காங்க. அந்தக் கோட்டுல ப்ளேன் எதுவும் போறதில்ல."

தணியிடம் சொன்னேன். "நேரா வர்ற ப்ளேன் இல்லடா. சிங்கப்பூர்ல எறங்கி மாறணும்."

"மாறு. உத்திரமேரூர்லருந்து காஞ்சிபுரம் போயி வேலூர் பஸ் மாறல நம்ப? அந்த மாதிரிதான. ஒண்ணு போனா பின்னாடியே இன்னொண்ணு வரப்போவுது."

"அது பஸ்சுடா."

"இதுவும் வண்டிதான்க்கா."

எனக்காகவே நாள் பார்த்தவனிடம் அந்த நாள் சரியில்லை என்று எப்படிச் சொல்வது. டிக்கெட் பார்த்தபோது சிங்கப்பூரில் ஒன்றரை மணி இடைவெளியில் சென்னை விமானம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்தால் சனிக்கிழமை இரவு பத்தரைக்கு இறங்கிவிடலாம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் பின்னால் நிற்கிற நாத்தனார் மீதி இரண்டையும் போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் நான் போக வேண்டியிருந்தது. போய்விடலாம் என்றுதான் நானும் நம்பினேன்.

3

இங்கே சித்திரை, வைகாசியில்தான் கிவிப் பழம் வந்து குவியும். பெல்ட்டில் நிற்காமல் பழம் ஓடும். அடிபட்டதையும் கோணலானதையும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைத் தட்டில் அடுக்க வேண்டும். தலையில் வலை, காதில் சத்தத்துக்கு அடைப்பான். நாள் முழுக்க யாருடனும் பேசாமல் இருக்கலாம். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் லீவு கேட்க வாயைத் திறந்தாக வேண்டுமே.

எங்கள் வரிசைக்கு மேற்பார்வை டெபி என்ற அம்மாள். தம்பிக்குக் கல்யாணம், நான் பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "ஓ, நீ மணப்பெண்ணின் தோழியா?" என்று கேட்டாள். நாத்தனார் என்பதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன். பழக்காலம் என்றும் பார்க்காமல், சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் கொடுத்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் டீ நேரத்தில், எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றைக் கொடுத்துக் கைதட்டினார்கள். அழகான தோழிக்கு வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. தலைவலையைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

நாங்கள் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டதால், பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். நித்யாதான் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தாள். இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் என்று ஒரு கேள்வி. ஒருவர் போதுமாம்.

"யார் பேரும்மா போடறது?"

"மாமா பேரப் போடு."

"வீட்டு நம்பர்?"

எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. நம்பர் பார்த்து அந்த வீட்டுக்கு யாரும் வந்ததில்லை.

கணவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. நான் மட்டும்தான் புறப்பட்டேன். டௌரங்காவிலிருந்து ஆக்லாந்துக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம் போக வேண்டும். அந்தப் பதினான்கில் இதெல்லாம் சேர்த்தி இல்லை. ஆக்லாந்தில் பனிமூட்டம், ஓடுபாதையே தெரியவில்லை. பனி விலகி விமானம் கிளம்பியபோதே இரண்டு மணி நேரம் தாமதம். சிங்கப்பூரில் இறங்கி நான் ஓடாத ஓட்டம் ஓடினேன். சென்னை விமானம் போய்விட்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் பாவம், நல்ல மாதிரிதான் பேசினாள். அடுத்தது மறுநாள் காலையில்தான் என்றாள்.

தணிக்கு போன் செய்தேன். மண்டபத்தில் மேளச் சத்தம்.

"பின்னாடி வேற ப்ளேன் இல்லியாக்கா?"

"காலைலதான்டா. நம்மூர் நேரத்துக்கு ஒம்போதரைக்குத்தான் எறங்குவேன்."

"ஏழரையோட முகூர்த்தம் முடியுது. மத்தியானம் அடுத்த கல்யாணக்காரன் மண்டபத்துக்கு வந்துடுவான்."

"செல்விய நிக்கச் சொல்லு."

"வேற வழி இல்லியா?" என்றான். கொஞ்சம் கழித்து, "வேற எந்த ஊரு வழியாவும் இல்லியா?" என்றான். மறுபடியும், "நல்லாக் கேட்டுப் பாருக்கா" என்றான். கேட்பதற்கு யாரும் இல்லை. கவுன்டரில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

காலை விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர். சிங்கப்பூரில் கட்டட வேலை, சொந்த ஊர் செய்யாறு. நான் உத்திரமேரூர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, பக்கத்து ஊரு. இன்னா விசேசம், தனியா போறீங்க?"

"தம்பி கல்யாணம்."

"என்னிக்கு?"

"இப்ப."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சீட்டின் முதுகில் இருந்த திரையைப் பார்த்தார். அதில் விமானப் பொம்மை ஒன்று கடலுக்கு நடுவில் இருந்தது. எவ்வளவு தூரம் மீதி என்பது கீழே குறைந்துகொண்டே வந்தது. அவர் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்.

"இந்நேரம் கட்டியிருப்பாங்க," என்றார். "நல்லா இருப்பாங்க, வுடுங்க." சாப்பாட்டுத் தட்டில் இருந்த இனிப்பை எடுத்து என் தட்டில் வைத்தார். "கல்யாண ஸ்வீட்டுன்னு நெனச்சிக்கங்க."

சாப்பிட்டேன். என்ன இனிப்பு என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

4

மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுத்த கல்யாணத்தின் பெயர்ப் பலகையைக் கொண்டுவந்து, சுவரில் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, "வாம்மா நாத்தனாரே. ப்ளேன் தள்ளிக்கினு வந்தியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தணி மாலையோடு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கலா காலில் விழப் போனாள். நான் தடுத்தேன். அவள் முதலில் கேட்டது, "அண்ணி, ஏதாவது சாப்டீங்களா?" என்பதுதான்.

கையில் விளக்கோடு செல்வி நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் புடவை என்று மாப்பிள்ளை வீட்டில் எடுத்த அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். எனக்கென்று எடுத்தது. நான்தான் போனில் கலர் சொல்லியிருந்தேன். அவளுக்கு நன்றாகவே இருந்தது.

அப்போது தணிக்கு ஒரு யோசனை வந்தது. படம் எடுப்பவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். அவர் கேமராவை மறுபடியும் எடுத்தார்.

"அக்கா, நீங்க பொண்ணுக்குப் பின்னாடி வாங்க. மாப்ள, நீங்க தாலியப் புடிக்கிற மாதிரி வெச்சிக்கங்க. அக்கா, கழுத்துக்கிட்ட கைய மட்டும் வைங்க. கட்டாதீங்க. சும்மா வைங்க. அவங்க கொஞ்சம் தள்ளிக்கட்டும், வெளக்கு மறைக்குது."

அவங்க என்றது செல்வியை. "இந்தாக்கா, உன் எடம்" என்று தள்ளி நின்றாள். தூணுக்குப் பக்கத்தில் போய், என் கைப்பையையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கலாவின் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்தேன். கயிற்றில் மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை. முடிச்சு மூன்றும் விரலில் பட்டன. தணி போட்டதன் மேல் மீதி இரண்டையும் இறுக்கமாக, நன்றாகப் போட்டிருந்தாள் செல்வி. "ஸ்மைல் பண்ணுங்கக்கா" என்றார் படம் எடுப்பவர். சுற்றி நின்ற யாரோ அட்சதை போட்டார்கள். அதில் ஒன்றிரண்டு என் தலையிலும் விழுந்தன.

பெரிதாக்கித் தணி வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். தணி வீடியோவில் பேசும்போதெல்லாம் அவன் தலைக்கு மேலே நான் நாத்தனாராக நிற்கிறேன். செல்வி கட்டின படம் ஆல்பத்தில் எங்கேயோ இருக்கிறதாம்.

5

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. போன வருஷம் போவதாக இருந்தது. நித்யா காலேஜ் சேர்ந்தாள், வீடு மாற்றினோம், இப்படியே போய்விட்டது. பிள்ளைகளுக்கும் அந்த ஆசை குறைந்துகொண்டே வருகிறது. பிரவீனிடம் உனக்கு ஒரு மாமன் மகள் பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். "கூல்" என்றான். பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று தோன்றியிருக்கும் போல, "போட்டோ அனுப்பச் சொல்லுங்க" என்றான். நல்ல பிள்ளைதான். அந்தக் குழந்தைக்கு நான் அத்தை என்றால் என்ன அர்த்தம் என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவன் போன் மினுங்கியது.

கலாவுக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செல்வி கேண்டீனில் சம்பளமில்லா லீவு சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக் கிடந்தாள். பிரசவ நாளில் குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான். இதெல்லாம் எனக்குத் தணி சொன்னது. செல்வி ஒன்றும் சொன்னதில்லை.

தணி பெயர் வைக்கக் கூப்பிட்ட மறுநாள் செல்விக்குப் போன் செய்தேன். கேண்டீனில் அந்த வாரம் அவளுக்குப் புதன்கிழமை லீவு. பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்க, தணி வூட்லயா?"

"பின்ன எங்க. கலா குளிக்கப் போயிருக்குது. இது இன்னாடான்னா எறக்கி வுட்டா அழுவுது."

"பேர் வெக்க என்ன வரச் சொல்றான் செல்வி."

"வராம? நீதான சொந்த அத்தை. உனக்காகத்தான் நாளே குறிக்காம வெச்சிக்கினு கீறான். பேருகூட நீ வந்து சொல்ற வரிக்கும் யார் வாயிலயும் வரக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கான்."

"நீ கூட இருப்ப இல்ல?"

"நான் எங்க போறேன்? நீ வா. நீ மடில வெச்சிக்க. போட்டோகாரன் வந்து தள்ளு தள்ளுன்னான்னா நான் பாட்டுக்குத் தள்ளிக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேலியாகத்தான் சொன்னாள். அவள் எப்போதுமே அப்படித்தான் பேசுவாள். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. "யக்கா, லைன்ல கீறியா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன். குழந்தையின் சிணுங்கல் நின்றிருந்தது. "தூங்கிடுச்சி பாரு" என்று செல்வி ரகசியக் குரலில் சொன்னாள்.

மூன்று நாள் யோசித்தேன். கணவரிடம் கேட்டேன். "போயிட்டு வாயேன், யார் வேணாங்கிறா?" என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது உண்மைதான். போவேன். ஒரு வாரம் இருப்பேன். குழந்தை என் மடியில் அழும். அழ அழ அதன் காதில் பெயரைச் சொல்வேன். படம் எடுப்பார்கள். அது இன்னொரு சுவருக்கு ஆகும். பிறகு அந்தக் குழந்தையைச் செல்வி தூக்கிச் சமாதானம் செய்வாள்.

சனிக்கிழமை மாலை தணிக்குப் போன் செய்தேன். கடையில்தான் இருந்தான்.

"லீவு கெடச்சிதாக்கா?"

"கெடைக்கும்டா. அதில்ல. பாப்பாவுக்குச் செல்வி பேர் வெக்கட்டும்."

கடைக்கு முன்னால் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது. அது போய் முடிகிறவரை காத்திருந்தேன்.

"நெஜமாத்தான்டா சொல்றேன்," என்றேன். "தெனமும் தூக்கறவ அவதான. உனக்குப் பொண்ணு பாத்து, முடிச்சி போட்டு, ஆஸ்பத்திரில படுத்து, எல்லாம் அவதான். நான் அப்புறம் ஒரு தடவ வந்து பொறுமையா பாத்துக்கறேன். முப்பதாம் நாளே வெச்சிடு. புள்ளையப் பேரில்லாம வெச்சிருக்காத."

"அதுவும் சரிதான்க்கா," என்றான் தணி. குரல் லேசாகிவிட்டிருந்தது. இத்தனை நாளும் அவன் மேல் ஒரு சுமையை வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "செல்விக்காவுக்கும் உள்ளுக்குள்ள ஆசதான். வாயத் தொறந்து கேக்காது. நீயே சொன்னன்னு சொன்னா சந்தோசப்படும்."

"சொல்லு."

"கலாகிட்டயும் சொல்லிடறேன். ஐயருக்கும் போன் பண்ணணும். சரிக்கா, ஆள் வந்துட்டாங்க, ஒரு பேட்டரி எறக்கணும். வெச்சிடவா?"

"வெச்சிடு."

வைத்துவிட்டான். நம் ஆட்களிடம் முதல் தடவை வேண்டாம் என்று சொல்வது பதிலே இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான், புடவை வைத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். வேண்டாம் என்போம், அவர்கள் விடாமல் கேட்பார்கள், பிறகு வாங்கிக்கொள்வோம். பேட்டரி இறக்கிவிட்டுக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். கலாவிடம் சொல்லும்போது அவள் அவனைத் திட்டுவாள், அப்போது கூப்பிடுவான் என்றும் நினைத்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கொடியில் துணி காய்ந்திருந்தது. அதை எடுக்கப் போகவில்லை.

பிரவீன் குளிர்பெட்டியைத் திறந்து பால் எடுத்தான். குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏம்மா போனக் கையிலயே வெச்சிட்டு நிக்கறீங்க? ரிங் கூட ஆகலையே."

"ஆவும்" என்றேன்.